மெத்தைக் கடையில் லீட் கிட்டார்

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று எங்கள் பல் லேப்புக்கு, நான் செய்து அனுப்பிய ஒரு பல்செட் திரும்பி வந்தது. அந்த மனிதரின் பழைய போட்டோவில் முன்பல் ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது. நானும் அதே மாதிரி லேசாகத் திருப்பி வைத்திருந்தேன். எல்லாப் பல்லும் அணிவகுப்பு மாதிரி நின்றால் பொய்ப்பல் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒன்று கொஞ்சம் ஒருக்களித்தால்தான் சொந்தப் பல் மாதிரி இருக்கும். எங்கள் தொழிலில் இதைத் தெரிந்தே செய்வோம். மனிதருக்குப் பிடிக்கவில்லை. "புதுசாப் போட்டும் கோணப்பல்லா?" என்று டாக்டரிடம் குதித்திருக்கிறார். நேராக்கி அனுப்பிவிட்டேன். வாய் அவருடையது.

அவர் முகத்தை நான் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. நான் செய்த பல் எதுவும் யார் வாயிலாவது சிரித்து நான் கண்டதே கிடையாது. அதைத்தான் போன வருடம் பாட்டாக எழுதினேன்:

உன் முகம் எனக்குத் தெரியாது
உன் சிரிப்பை நான் செய்தேன்
கண்ணாடியில் நீ பார்க்கும்போது
கொஞ்சம் எனக்கும் சேர்த்துச் சிரி

சாயங்காலம் நாத்தனாரிடமிருந்து போன். இவருடைய தங்கை. மெத்தைக் கடை வைத்திருக்கிறாள். எங்கள் குழுவில் ட்ரம்ஸ். அவளுக்கு இடி என்று பெயர் வைத்தது நான்தான். முடியன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகிறானாம். எங்கள் லீட் கிட்டார் அவன்தான்.

"வேற லீட் தேடணும் அண்ணி."

"தேட வேண்டாம். நான் வாசிக்கிறேன்."

சொன்னது நானா என்று எனக்கே சந்தேகம். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "நீங்களா? நீங்க ரிதம் அண்ணி!"

ஆமாம், ரிதம்தான், பாட்டுக்குப் பின்னணித் தாளம் போடும் கிட்டார். இத்தனை நாள் பின்னால் நின்று சுவர் எழுப்பிக்கொண்டிருந்தேன். லீட் என்றால் முன்னால் வந்து தனியாக வாசிப்பது, அந்தச் சுவரேறிக் குதிக்க வேண்டும். ஆனால் இந்த வருடம் நாங்கள் வெளியிடப்போவது என் பாட்டு. நடுவில் வார்த்தை தீர்ந்துபோகிற இடத்தில்தான் சோலோ, அந்தத் தனி வாசிப்பு, வருகிறது. என் வார்த்தை தீர்ந்த இடத்தில் இன்னொருத்தன் வந்து பேசுவதா? முடியாது. வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. இனி வாசித்துத்தான் ஆக வேண்டும்.


பிப்ரவரி 9, ஞாயிறு

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துக் கிடக்கிறது. சுருக்கமாக எழுதவே முடியாது.

ஞாயிறு கடைக்கு விடுமுறை. மெத்தைகளுக்கு நடுவில்தான் எங்கள் பயிற்சி. நாலு பக்கமும் கூரை உயரத்துக்கு அடுக்கியிருக்கிறாள். அங்கே சத்தம் போட்டால் திரும்பி வருவதில்லை. மெத்தை தின்றுவிடுகிறது. பக்கத்துக் கடைக்காரர் இதுவரை ஒரு புகார் சொன்னதில்லை.

லிஃப்ட்காரர் சொல்லிக்கொடுத்தார். லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர், எங்கள் குழுவில் பேஸ் கிட்டார், லீடும் தெரியும். என்னைவிட வயதில் சின்னவர். "கம்பியை அமுக்கறது இல்ல மேடம், தள்ளணும். மோதிர விரலால தள்ளுங்க, மத்த ரெண்டு விரலும் பின்னாடி முட்டுக் குடுக்கணும். கம்பி மேல போகப் போக சுரமும் ஏறும். எங்க போய் நிக்கணும்னு மொதல்ல மனசுல பாடிக்கணும்."

தள்ளினேன். கம்பி விரலை அறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் தள்ளினேன். ஏறியது! ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் படியில் ஏறுவதுதான் எனக்குத் தெரியும். இது படியில்லாமல் ஏறியது. நடுவில் பேரில்லாத எத்தனையோ இடங்களைத் தொட்டுக்கொண்டு போனது. ஒரு மனுஷி "ஏன்?" என்று கேட்கும்போது குரல் ஏறுமே, அப்படியேதான்.

வெறும் இரும்புக் கம்பி. அது எப்படிக் கேள்வி கேட்கிறது?

இடி ட்ரம்ஸ் குச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "இன்னொரு தடவை" என்றாள். இன்னொரு தடவை வரவே இல்லை. பூனை மிதிபட்ட சத்தம்தான் வந்தது. அவள் சிரித்த சிரிப்பில் ஒரு மெத்தை சரிந்தது.


பிப்ரவரி 11, செவ்வாய்

இடதுகை விரல்நுனி மூன்றும் வீங்கி, பல்லின் ஓரம் வழவழப்பாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தால் தெரியவில்லை. நாக்கால் பார்க்கவா முடியும்?


மார்ச் 2, ஞாயிறு

வரவில்லை. ஒன்றும் வரவில்லை. முடியன் விளையாட்டாக வாசித்ததை நான் தலைகீழாக நின்றும் வாசிக்க முடியவில்லை. என் கை சின்னது, என் வயது பெரியது. இடி பதிவுக்கு மே மாதம் என்று சொல்லியிருக்கிறாள். அதற்குள் முடியாவிட்டால் வேறு ஆள். அவள் சொன்ன விதம் பாசமாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.


மார்ச் 20, வியாழன்

வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்கிறேன். எனக்குள் கச்சேரி நடக்கிறது. வெளியே இவருக்குக் கேட்பது கம்பியை மீட்டும் பிக் தகடு உரசும் டிக் டிக் மட்டும். "பல்லி கத்தற மாதிரி இருக்கு. நல்ல சகுனமா?" என்று கேட்கிறார். மருந்துக்கடை வைத்திருப்பவருக்கு இந்த மாதிரி நகைச்சுவைதான் வரும்.

ஆனால் இன்று விரல் வலிக்கவில்லை. காலையிலிருந்து வலிக்கவே இல்லை என்று இப்போதுதான் கவனிக்கிறேன். தோல் தடித்துவிட்டது. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் உடம்பு என்னைக் கேட்காமலே இதற்குத் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறது.


ஏப்ரல் 6, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை யாரிடம் சொல்ல?

கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு சுரத்தை ஏற்றிப் பிடித்தேன். கம்பியைத் தட்டினால் சத்தம் எழும், கொஞ்ச நேரத்தில் தேயும், அடங்கும். அதுதானே வழக்கம்? இது அடங்கவில்லை. நின்றது. நின்றதோடு இல்லாமல் மெல்லப் பெரிதாகி, உள்ளேயிருந்து வேறொரு மெலிந்த குரல் கிளம்பியது. நான் கம்பியை மறுபடி தட்டவே இல்லை! என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. பயந்துபோய்க் கையை எடுக்கப் பார்த்தேன்.

"எடுக்காதீங்க மேடம்!" என்று கத்தினார் லிஃப்ட்காரர். "பெட்டியில வர்ற சத்தமே கம்பியை ஆட்டுது. கம்பி ஆடினதும் பெட்டி பேசுது. ஒண்ணுக்கு ஒண்ணு சாப்பாடு. நீங்க சும்மா நடுவுல நில்லுங்க, போதும்."

நின்றேன். ஒரு அடி நகர்ந்தால் குரல் மாறியது. உடம்பைக் கொஞ்சம் திருப்பினால் இன்னொன்று. சும்மா நிற்பதே வாசிப்பு! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதற்கென்று தெரியவில்லை. துக்கமில்லை. பெரிசாக ஏதோ ஒன்று பக்கத்தில் வந்து நின்றால் வருமே, அந்தத் தண்ணீர்.

இடி மட்டும், "கரண்ட் பில்லை நெனச்சு அழறீங்களா அண்ணி?" என்றாள்.


ஏப்ரல் 27, ஞாயிறு

சோலோ முழுசாக வந்துவிட்டது. என்னுடையது, முடியனுடையது இல்லை. பாட்டின் கடைசி வரியை வாயால் பாடிப் பார்த்து, வாய் நிற்கிற இடத்திலிருந்து விரலால் தொடர்ந்தேன். அப்படித்தான் பிறந்தது.

ஒரே ஒரு குறை. நடுவில் ஒரு பெரிய ஏற்றம் இருக்கிறது. தாழக் கிடக்கும் சுரத்தைத் தள்ளி உச்சியில் நிறுத்த வேண்டும். "அங்க லேட்டா போய்ச் சேர்றீங்க மேடம். எப்பவும் அதே இடத்துல லேட்டு" என்கிறார் லிஃப்ட்காரர். டிக் டிக் என்று தாளம் போடும் கருவியைக் காதில் மாட்டிப் பார்த்தோம். எனக்குப் பரவாயில்லை. இடிக்குத்தான் ஆகவில்லை. "யாரோ காதுக்குள்ள உக்காந்து திட்டற மாதிரி இருக்கு" என்று கழற்றி எறிந்துவிட்டாள். கருவி இல்லாமல் வாசித்தோம். நான் மறுபடி லேட்.

ஆனாலும் இடி சொல்லிவிட்டாள்: "வேற ஆள் தேடல அண்ணி. நீங்கதான்."


மே 18, ஞாயிறு

பதிவு முடிந்தது!

சவுண்ட் இன்ஜினியர் வந்தார். இடியிடம் மெத்தை வாங்கப் போய் நண்பரானவர். வெட்டுவது ஒட்டுவது எல்லாம் கம்ப்யூட்டரில். அதனால் கத்தரி என்று பெயர் வைத்துவிட்டேன். மெத்தைகளை நகர்த்தி இடியைச் சுற்றிக் கோட்டை கட்டினார். ட்ரம்ஸ் சத்தம் என் மைக்குக்குள் புகக் கூடாதாம். நான் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். இரண்டு மெத்தைக்கு நடுவில் ஒரு இடுக்கு. அதில் அவளுடைய வலது தோள் மட்டும் தெரிந்தது. வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் நான் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டு வாசித்தேன்.

மூன்று பேரும் ஒன்றாக, ஒரே மூச்சில். முடிந்ததும் கத்தரி ஹெட்போனைக் கழற்றி, "நல்லா வந்திருக்கு, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். கடையில் கிடந்த ஒரு மெத்தையில் நான் மல்லாந்து விழுந்தேன். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. என் காதுக்குள் அந்தச் சுரம் இன்னும் நின்றுகொண்டிருந்தது.


ஜூன் 8, ஞாயிறு

கத்தரி முடித்து அனுப்பிய பாட்டை இன்று கேட்டேன்.

நானா இது?

சமையலறையில் நின்றபடியே கேட்டேன். என் குரல் வருகிறது, சரி, அது எனக்குப் பழகிய குரல்தான். அப்புறம் சோலோ. ஒவ்வொரு சுரமும் துடைத்து வைத்த மாதிரி. அந்தப் பெரிய ஏற்றம், நான் எப்போதும் தாமதிக்கும் அந்த இடம், கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. கடைசியில் அன்றைக்கு மட்டும் சரியாக வாசித்துவிட்டேன் போலிருக்கிறது! கை தானே செய்திருக்கிறது. இவரைக் கூப்பிட்டு, மாடி வீட்டம்மாவைக் கூப்பிட்டு, திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினேன்.

எல்லா இசைத் தளங்களுக்கும் அனுப்பியாகிவிட்டது. அடுத்த மாதம் வெளிவரும். அன்றைக்கே போட நான் சோலோ வாசிக்கிற சின்ன வீடியோ ஒன்று வேண்டும் என்று கத்தரி சொன்னார். பாட்டை ஓடவிட்டு அதோடு சேர்த்து வாசித்தால் போதும். இதென்ன பிரமாதம், நான் வாசித்ததைத்தானே நான் வாசிக்கப்போகிறேன்.


ஜூன் 10, செவ்வாய்

சேரவில்லை. பாட்டில் இருக்கிற நான் முன்னால் போய்விடுகிறேன், நான் பின்னால் ஓடுகிறேன்.


ஜூன் 12, வியாழன்

இன்றும் இல்லை. லேப்பிலிருந்து வந்ததும் உட்கார்ந்தேன், இவர் கடை சாத்திவிட்டு வரும்வரை எழுந்திருக்கவில்லை. ஒரு மாதத்துக்கு முன் வந்தது இப்போது வராமல் போகுமா? கை மறந்துவிட்டதா? அன்றைக்கு மட்டும் ஏதோ அருள் வந்து வாசித்தேனா? நான் பொறாமைப்படுகிறேன் – என் மேலேயே! இந்த மாதிரிக் கேவலம் யாருக்காவது வந்திருக்குமா?


ஜூன் 14, சனி

லேப் கட்டிடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. பார்க்க வந்தவர் நம் லிஃப்ட்காரர்தான். இடைவேளையில் கீழே போய், பாதியில் நின்ற லிஃப்ட் வாசலில் வைத்து என் கஷ்டத்தைச் சொன்னேன். கையில் கிரீஸோடு என் ஹெட்போனை வாங்கிக் கேட்டார். சோலோவை இரண்டு முறை கேட்டார். முகம் மாறியது.

"மேடம், இது நீங்க வாசிச்சதுதான். ஆனா நீங்க வாசிச்ச மாதிரி இல்ல."

"புரியல."

"நேராக்கியிருக்காங்க. கம்ப்யூட்டர்ல தாளத்துக்குக் கட்டம் போட்டு, ஒவ்வொரு சுரத்தையும் அந்தக் கட்டத்துல இழுத்து உக்கார வெச்சிருக்காங்க. ட்ரம்ஸையும்தான். எல்லாரும் பண்றதுதான், தப்பில்ல. உங்ககிட்ட சொல்லலியா?"

இல்லை. யாரும் என்னிடம் சொல்லவில்லை.

நாலு நாளாக நான் ஒரு கம்ப்யூட்டரைத் துரத்திக்கொண்டிருந்திருக்கிறேன். மாடி வீட்டம்மாவிடம் வேறு பீற்றிக்கொண்டேன்.


ஜூன் 15, ஞாயிறு

சண்டை. பெரிய சண்டை.

நேராக்க வேண்டும் என்று கத்தரிக்கு அவராகத் தோன்றவில்லை. சொன்னது இடி! "அண்ணியோட சோலோவை மட்டும் கொஞ்சம் சரி பண்ணுங்க"ன்னு இவதான் சொல்லியிருக்கா. அதுக்கு ட்ரம்ஸையும் கட்டத்துல போட்டாத்தான் ஆகும்னு அவர் சொல்ல, சரின்னுட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

விற்பனைக்கு வைத்த மெத்தையில் உட்கார்ந்து கௌரவமாகச் சண்டை போட முடியாது. கோபத்தில் எழுந்திருக்கப் பார்த்தால் அது திரும்ப உள்ளே இழுக்கிறது. இருவரும் அமுங்கி அமுங்கிக் கத்தினோம்.

"உங்களுக்காகத்தான் பண்ணேன். கமெண்ட்ல ஜனங்க கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. அப்புறம் உங்க மூஞ்சியை நான்தானே பாக்கணும்?"

"என் மூஞ்சி, என் பாட்டு, என் கை. வேற ஆள் வேணாம், நீங்கதான்னு சொன்னியே? இது வேற ஆள்தானே?"

"நீங்க மட்டும் அந்த ஆளுக்குப் பல்லை நேராக்கிக் குடுக்கலையா?"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்தப் பல்காரர் கேட்டார், கொடுத்தேன். நான் கேட்கவில்லையே என்று பாதி வழியில் பஸ்ஸில்தான் பதில் தோன்றியது. சண்டைக்கு உதவாத பதில்.


ஜூன் 18, புதன்

நேராக்காததை அனுப்பச் சொல்லிக் கத்தரியிடம் கேட்டேன். அனுப்பியிருக்கிறார். திறக்கப் பயமாக இருக்கிறது. அசிங்கமாக இருந்தால்? அவள் செய்தது சரியாக இருந்தால்?


ஜூன் 21, சனி

இரண்டையும் இவருக்குப் போட்டுக் காட்டினேன். எது எதென்று சொல்லவில்லை. நான் காதை மூடிக்கொண்டு, இவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார்.

இதற்காகவா நான் நாத்தனாரோடு பேசாமல் இருக்கிறேன்! வீட்டையே இரண்டாகப் பிளந்து வைத்திருக்கிறேன், இந்த மனுஷனுக்கு வித்தியாசமே தெரியவில்லை. எழுந்து போகப் பார்த்தேன்.

"இரு. அந்த ரெண்டாவதை இன்னொரு தடவை போடு."

"ஏன்?"

"தெரியல. போடேன்."

இரண்டாவது நான் வாசித்தது.


ஜூன் 22, ஞாயிறு

காலையிலேயே வாசலில் இடி. நான் கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அதோட சேந்து வாசிச்சுப் பாத்தேன் அண்ணி. வரல."

"எதோட?"

"நேராக்கினதோட. என் ட்ரம்ஸே எனக்கு வரல. அதுல மூச்சு விட எடமே இல்ல. நான் ஒரு பெரிய அடிக்கு முன்னாடி லேசா மூச்சு இழுப்பேன், கையைத் தூக்குவேன். அந்த நேரத்தை எடுத்துட்டாரு."

இருவரும் சோபாவில் உட்கார்ந்தோம். இவர் காபி கொண்டு வந்து வைத்துவிட்டு, வம்பு வேண்டாமென்று உள்ளே போய்விட்டார். நேராக்காததைப் போட்டேன். ஆளுக்கொரு இயர்போன் முனை.

சோலோ வந்தது. என் சுரம் கீழேயிருந்து கிளம்பியது. ஏறியது, ஏறியது, உச்சிக்குக் கொஞ்சம் கீழே தயங்கியது. அங்கே, ரொம்ப ரொம்பச் சின்னதாக, இடி மூச்சு இழுக்கிற இடைவெளி கேட்டது. அவள் அடித்தாள். அதே கணம் என் சுரம் உச்சியைத் தொட்டது. ஒரு மயிரிழை கூடப் பிசகவில்லை.

நான் தாமதமே செய்யவில்லை! அவளுக்காக நின்றிருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் நின்றிருக்கிறேன். எனக்குத் தெரியாது, யாரும் சொல்லித்தரவில்லை. மெத்தை இடுக்கில் அந்தத் தோள் எழும்புவதைப் பார்த்து என் விரல் காத்திருந்திருக்கிறது. என் காதுக்கும் விரலுக்கும் நடுவில் என்னைக் கேட்காமல் ஒரு பேச்சு நடந்திருக்கிறது. உடம்பு இத்தனை அறிவோடு இருக்கிறது, நான் அதை என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன்.

"அண்ணி, எனக்காகவா நிக்கிறீங்க?" என்றாள்.

"பின்ன யாருக்கு?" என்று அதட்டினேன். அதட்டாவிட்டால் அழுதிருப்பேன்.

கத்தரிக்கு அவளே போன் செய்து, அனுப்பியதைத் திரும்ப எடுக்கச் சொன்னாள். அவருக்குக் கோபம்தான். அத்தனை உழைப்பும் வீண் அல்லவா? "நான் பெருக்கித் துடைச்ச வீட்டுல மறுபடி மண்ணைக் கொட்டறீங்க" என்றாராம். எடுத்துவிட்டார். ட்ரம்ஸை நேராக்காமல், என் கிட்டாரை நேராக்காமல், சத்தத்தை மட்டும் சமன் செய்து மறுபடி அனுப்ப ஒப்புக்கொண்டார்.


ஜூலை 11, வெள்ளி

வெளிவந்துவிட்டது.

லேப்பில் பல் பதிக்கும் மெழுகு உருகிக்கொண்டிருந்தபோது போனில் பார்த்தேன். ஒரு சின்னச் சதுரப் படம், அதற்குக் கீழே "கொஞ்சம் எனக்கும் சேர்த்து", அதற்குக் கீழே என் பெயர். சொற்கள், இசை, குரல், லீட் கிட்டார் – நாலு இடத்திலும் என் பெயரே. இதே போனில்தான் உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கிறது. அந்த வரிசையில் என்னுடையதும் நிற்கிறது. யார் வேண்டுமானாலும், எந்த ஊரில் இருந்தாலும், விரலால் தொட்டால் என் மோதிர விரல் ஒரு கம்பியைத் தள்ளும். இதை யோசிக்க யோசிக்கத் தலை சுற்றுகிறது. மெழுகு கருகிவிட்டது.


ஜூலை 13, ஞாயிறு

கேட்டவர்கள்: இவர், இடி, லிஃப்ட்காரர், அவர் மனைவி, மாடி வீட்டம்மா, லேப்பில் எல்லாரும், கத்தரியின் அம்மா. அதற்கு மேலும் சிலர் கேட்டதாக அது காட்டுகிறது. யார் அவர்கள்?


ஜூலை 24, வியாழன்

முதல் கமெண்ட். "பாட்டு ஓகே. சோலோ தாளத்துல நிக்கல. கத்துக்கிட்டு வந்து வாசிங்க."

நான் பார்க்கும் முன்பே இடி பார்த்திருக்கிறாள். கடையைப் பாதியில் சாத்திவிட்டு லேப் வாசலுக்கு வந்து நின்றாள். என் மூஞ்சியைப் பார்க்கத்தான்.

வலித்தது. இல்லை என்று எழுதினால் பொய். "எவன்டா நீ, உனக்கு என்ன தெரியும்" என்று நாலு வரி எழுதி, அழித்தேன். கொஞ்ச தூரம் இருவரும் நடந்தோம். "வருத்தமா அண்ணி? நேராக்கினதையே விட்டிருக்கலாமோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது நிஜம். வலிக்கிறது, ஆனால் மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று எனக்கு இதுவரை தெரியாது.


ஆகஸ்ட் 17, ஞாயிறு

அடுத்த பாட்டு ஆரம்பித்திருக்கிறது. இந்த முறை இடி எழுதுகிறாளாம். முதல் வரியே படுமோசம். சொன்னேன். பேசவில்லை என்னோடு, தேநீர் வரும்வரை.


செப்டம்பர் 7, ஞாயிறு

பயிற்சிக்குப் போனால் இடி ட்ரம்ஸில் உட்காரவில்லை. மெத்தைக் குவியலில் ஏறி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணி, இங்க வாங்க" என்றாள். அவளிடமிருந்து இத்தனை மெல்லிய குரல் வந்து நான் கேட்டதில்லை.

ஒரு வீடியோ. யாரென்று தெரியாது. முகம் இல்லை, கழுத்துக்குக் கீழே மட்டும். மடியில் கீறல் விழுந்த கிட்டார். பின்னால் ஒரு ஜன்னல், காயப்போட்ட துணி. அந்த அறை எந்த ஊரில் இருக்கிறதோ. கை என் சோலோவை வாசிக்கிறது.

என் சோலோவை. என் பாட்டை ஓடவிட்டு, அதோடு சேர்த்து. தப்பும் தவறுமாக, ஆனால் விடாமல். அந்தப் பெரிய ஏற்றம் வருகிறது. கை அவசரமாகப் போய் உச்சியில் நிற்கிறது, என் சுரம் அப்புறம்தான் வருகிறது. நிறுத்தி மறுபடி. மறுபடி முந்திவிடுகிறது. மறுபடி. கீழே எழுதியிருக்கிறார்: "இந்த ஒரு எடம் மட்டும் பிடிபடவே மாட்டேங்குது. இவங்க ஏன் அங்க நிக்கிறாங்க? யாருக்காவது தெரியுமா?"

மனிதர்கள் பிழைப்பைப் பார்க்க வேண்டிய நேரத்தில், எங்கேயோ ஒரு அறையில், ஒருவர் என் விரல் போன வழியைத் தேடிக்கொண்டிருக்கிறார்! யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. இடியின் போனை வாங்கிப் பதில் எழுதப் பார்த்தேன். எழுத்தெல்லாம் தப்பாக விழுந்தது.

இடி போனைப் பிடுங்கிக்கொண்டாள். நான் எட்டிப் பார்ப்பதற்குள் எழுதி அனுப்பிவிட்டாள். "கிட்டாரை விடுங்க, ட்ரம்ஸைக் கேளுங்க. நான் மூச்சு வாங்கறேன். அண்ணி எனக்காக நிக்கறாங்க."

"ஊர் பேர் தெரியாதவங்ககிட்ட அண்ணின்னு எழுதுவியா?" என்றேன்.

"பின்ன என்னன்னு எழுதறது?"

பயிற்சியை ஆரம்பித்தோம். மனம் ஒட்டவில்லை, இரண்டு பாட்டோடு நிறுத்திவிட்டோம். லிஃப்ட்காரர் பேஸ் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது இடியின் போன் மினுங்கியது. புது வீடியோ. அதே ஜன்னல், அதே கீறல். துணியை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள். மூன்று பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம்.

கை ஏறியது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே வந்தது. என் பக்கத்தில் இடி தன்னை அறியாமல் மூச்சை இழுத்தாள்.

அந்தக் கை அவளுக்காக நின்றது.